சுரண்டுவதற்குக் கூலி

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தூத்துக்குடியில் எஞ்சியிருக்கும் சைக்கிள் பட்டறைகளிலிருந்து தின்னர் வாசனை தெருவுக்கு வந்துவிடும். பழைய வண்டியைப் புதுப்பிக்க வருபவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, பெயிண்ட் அடிக்க எவ்வளவு?" பழைய பூச்சை எதைக்கொண்டு எடுப்பீர்கள், எத்தனை நாளாகும், அதற்கு என்ன கூலி என்று எவரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதன் விளைவைக் கண்ணால் கண்ட பிறகே இதை எழுதத் தோன்றியது. நாங்கள் சொல்லவருவது எளியது. வர்ணத்துக்குக் காசு கொடுக்கும் நாம், அதற்கு முந்தைய வேலைக்குக் கொடுப்பதில்லை. கொடுக்காத அந்தக் காசு வண்டியின் உலோகத்திலிருந்தும், பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலிலிருந்தும் வசூலாகிறது.

எங்கள் நண்பர் ஒருவரின் தந்தை நாற்பது ஆண்டுகள் ஓட்டிய கறுப்பு ராலே சைக்கிள் அது. அவர் மறைந்தபின் வீட்டுத் திண்ணையில் கிடந்ததை, நண்பர்கள் நாங்கள் சேர்ந்து ஒரு பட்டறையில் கொடுத்தோம். நான்கே நாளில் பளபளக்கும் கறுப்பாகத் திரும்பி வந்தது. சந்தனம், குங்குமம் வைத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். ஐப்பசி மழை வந்து போயிற்று. மார்கழியில் சீட்டுக்குக் கீழே குழாய்கள் கூடும் மூட்டில் அரிசி மணிகளைப் போலச் சிறு கொப்புளங்கள் தென்பட்டன. தை பிறந்தபோது அவை புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தன. ஒன்றை ஆணியால் குத்தினால் பழுப்பு நீர் கசிந்தது. படலத்தைப் பிடித்து இழுத்தால் பாம்புச் சட்டைபோல் ஒரு சாண் நீளம் உரிந்து வந்தது. உள்ளே, முன்பு திண்ணையில் கிடந்தபோது இருந்ததைவிட அதிகமான துரு. கோபத்தோடு பட்டறைக்குப் போனோம். அவர் பதறவே இல்லை. "பெயிண்ட் அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன். சுரண்டச் சொன்னா ரெண்டு நாள் உக்காந்து சுரண்டுதேன் சார். அந்தக் கூலிய யாரு குடுப்பா?" எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் பேரம் பேசிக் குறைத்த தொகை ஏறத்தாழ அந்த இரண்டு நாள் கூலிதான்.

இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி மழை குறைந்த ஊர்; வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லை. அதனாலேயே இங்கு உப்பு விளைகிறது. காய்ந்த ஊரில் இரும்பு துருப்பிடிக்காது என்றொரு நம்பிக்கை பலருக்கு உண்டு, அது பிழையானது. நாம் உண்ணும் சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடல்நீரில் சோற்றுப்பு மட்டும் இல்லை. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். அதாவது, வெயில் கொளுத்தும் நடுப்பகலிலும் கடற்காற்று கொண்டுவந்து படியவிட்ட உப்புத்துகள் ஈரமாகவே இருக்கிறது. உப்பளத்துக்குத் தினமும் போய்வரும் சைக்கிளுக்கும், கேரியரில் மீன்பெட்டி வைத்து ஐஸ் உருகிய நீர் சொட்டச்சொட்ட ஓடும் சைக்கிளுக்கும் ஆண்டு முழுவதும் மழைக்காலமே.

இந்த உப்பின் மீது நேரடியாக எனாமல் பூசுவது, ஈரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும். எந்தப் பூச்சும் நீராவியை முற்றிலும் தடுப்பதில்லை. உள்ளேயிருக்கும் உப்பு வெளியேயுள்ள ஈரத்தைப் படலத்தின் ஊடாகவே இழுக்கிறது, கொப்புளம் எழுகிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் படலம் மேலும் மேலும் தூக்கப்படுகிறது. மேற்பூச்சு எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் இதில் மாற்றமில்லை. விலையுயர்ந்த பெயிண்ட் டின்னை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே ஊரின் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களைப் பாருங்கள். கப்பல் தொழிலில் பூச்சுக்கு முந்தைய பரப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8501 போன்ற தரப்பட்டியல்கள் உண்டு. துரு எந்த அளவுக்கு நீங்கியது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே அடுத்த வேலை தொடங்கும். கப்பலின் நிலைப்பு நீர்த்தொட்டிகளுக்குப் பூச்சு இடுவது குறித்துச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-இல் வகுத்த விதி, உலோகப் பரப்பில் ஒட்டியிருக்கும் கரையும் உப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. உப்பை அளந்த பிறகே வர்ணம். துறைமுகத்தின் மதிலுக்கு அந்தப்புறம் மில்லிகிராம் கணக்கில் எண்ணப்படும் உப்பை, இந்தப்புறம் கைநிறைய வைத்துப் பூசுகிறோம். கப்பலுக்குக் காப்பீடு உண்டு, அதன் பொருட்டு விதியும் உண்டு. உப்பளத் தொழிலாளியின் சைக்கிளுக்கு இரண்டும் இல்லை.

உரிக்கும் கலை இந்தக் கரைக்குப் புதியதும் அன்று. சங்கு குளித்து எடுக்கப்படும் சங்கு கடலிலிருந்து வெள்ளையாக வருவதில்லை. பழுப்பு நிறத்தில் தடித்த மேல்தோல் ஒன்று அதைப் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டியும் அமிலத்தில் நனைத்தும் நீக்கிய பிறகே நாம் அறிந்த பால்வெண்மை தெரியும். அமிலம் தோலை மட்டும் தின்னும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சங்கு சுண்ணாம்பால் ஆனது. நேரம் கூடினால் சங்கே கரையும். ஆகவே எப்போது நிறுத்துவது என்பதுதான் அந்த வேலையின் அறிவு. முத்து வணிகத்திலும், மங்கிப்போன முத்தின் மேற்படலத்தை மெல்லிய கத்தியால் உரித்து அடியில் ஒளியுள்ள படலம் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உலகின் பல இடங்களில் இருந்திருக்கிறது; ஒரு படலம் அதிகமாகப் போனால் முத்தே கையை விட்டுப் போய்விடும். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. சங்கு இன்னும் எடுக்கப்படுகிறது. எது பொருள், எது மேல்தோல் என்று பிரித்தறியும் கைகள் இங்கே எப்போதும் இருந்துவந்திருக்கின்றன என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறோம்.

சைக்கிளில் எது மேல்தோல்? பழைய கறுப்பு வண்டிகளின் தொழிற்சாலைப் பூச்சு இன்றைய கைப்பூச்சைப் போன்றதன்று. நல்ல தயாரிப்புகளில் இரும்புக்கு முதலில் பாஸ்பேட் குளியல் தந்து, பிறகு எனாமலை முக்கி அல்லது தெளித்து, சூளையில் வைத்துச் சுட்டு இறுக்குவார்கள். அதன்மேல் பொன்னிறக் கோடுகள், நிறுவனச் சின்னம். இந்த அடிப்பூச்சு நல்ல நிலையில் இருக்கும் இடங்களில், நாம் இன்று பட்டறையில் பூசும் எதையும்விட அது உறுதியானது. அதற்கு மேலே சேர்ந்திருப்பவை வேறு வகை: வாடகை சைக்கிள் கடைக்காரர் தம் வண்டிகளை அடையாளம் காண அடித்த பச்சையோ மஞ்சளோ, கல்யாணத்துக்கு அடித்த சிவப்பு, பண்டிகைதோறும் பூசிய அவசரக் கறுப்பு. இவற்றை எல்லாம் ஒரே அழுக்காகக் கருதி எடுத்தெறிவது எளிது. ஆனால் எடுப்பதற்குமுன் ஒருமுறை படிக்க வேண்டும். சட்டத்தில் பொறித்த எண் ஐந்தாறு பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருக்கலாம். கண்மூடித்தனமாகத் தேய்த்தால் அது அழிந்துபோகும். நகராட்சிக்குச் சைக்கிள் வரி கட்டியதற்கான பழைய வில்லை எங்காவது முறுக்கிய கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். முன்புறத்துப் பித்தளைச் சின்னத்துக்கு நம் பாட்டிமார் பாத்திரம் துலக்கிய புளியே போதுமானது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் எழுத்து போய்விடும்.

இனி, எடுக்கும் முறைகள். நெருப்பு, அமிலம், காரம், கரைப்பான், மணல், கை என்று ஆறாக அவற்றை வகுக்கலாம். முதல் ஐந்தும் விரைவானவை என்பதால் மலிவானவை. அவை எதையும் உண்மையில் மிச்சப்படுத்துவதில்லை என்பது எங்கள் கருத்து.

ஊதுவிளக்கால் சுட்டால் பூச்சு சுருண்டு எழும். ஆனால் அந்தப் பழைய பூச்சில் ஈயம் இருந்தால் மிகு சூட்டில் அது ஆவியாகி மூச்சில் கலக்கும். பழைய மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயச் சேர்மங்கள் வர்ணமாகவே பயன்பட்டன. துருவைத் தடுக்க ஈயச் செந்தூரம் அடிப்பூச்சாக வழங்கிற்று. வீட்டு, அலங்காரப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016-இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்பே டின்னிலிருந்து வெளியேறி வண்டியில் ஏறிவிட்ட பூச்சை அந்த விதி ஒன்றும் செய்ய இயலாது. அது இன்று பட்டறையில் சுரண்டப்படுகிறது. அதன் தூள் தொழிலாளியின் சட்டையோடு வீட்டுக்குப் போகிறது. அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவை நிமிடங்களில் கரைக்கும். ஆனால் அது விட்டுச்செல்வது குளோரைடு. கடற்காற்று கொண்டுவந்த அதே எதிரியை நாமே பாட்டிலில் வாங்கி மூட்டுகளுக்குள் ஊற்றுகிறோம். தவிரவும், கடினமாக்கப்பட்ட எஃகில் அமிலத்திலிருந்து எழும் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். சீட்டின் சுருள்வில்லையும் அச்சையும் அமிலத்தில் போடவே கூடாது. காஸ்டிக் சோடா எண்ணெய்ப் பூச்சைச் சோப்பாக்கிக் கழற்றிவிடும். ஆனால் புதிய வண்டிகளில் இருக்கும் அலுமினிய ரிம், பிரேக் பாகங்களை அது உண்ணும், எரியக்கூடிய ஹைட்ரஜனையும் கிளப்பும். கையில் பட்டால் தோலும் எண்ணெய்ப் பூச்சின் கதியை அடையும். மெத்திலீன் குளோரைடு சேர்ந்த ரிமூவர் மிகவும் வசதியானது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமற்ற சிறு அறையில் தரையோடு தேங்கும். உடலுக்குள் சென்று கார்பன் மோனாக்ஸைடாக மாறும். பூச்சு நீக்கும்போது நேர்ந்த மரணங்களுக்குப் பிறகே அமெரிக்கா பொதுமக்களுக்கான ரிமூவர்களில் இதை 2019-இல் தடைசெய்து, 2024-இல் அத்தடையைப் பெரும்பாலான பிற பயன்களுக்கும் விரித்தது. மணல் வீச்சைப் பொறுத்தவரை, சிலிக்கா மணலை வைத்து வார்ப்புகளைச் சுத்தம் செய்வதைப் பிரிட்டன் 1949-லேயே தடுத்துவிட்டது. மணல்தூள் நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றுவரை குணம் கிடையாது. மட்கார்டு போன்ற மெல்லிய தகடு மணல் வீச்சில் நெளிந்துபோவது இவற்றோடு ஒப்பிடச் சிறிய நட்டம்தான்.

மிஞ்சுவது கை. கொப்புளித்த இடங்களை மழுங்கிய சுரண்டியால் எடுத்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரால் விளிம்புகளைச் சரிவாக்கி, உறுதியான அடிப்பூச்சை அப்படியே விட்டுவிடுவது. ஈரத்தோடு தேய்த்தால் தூள் பறக்காது. சேற்றைத் துணியில் துடைத்துத் தனியே சேர்க்கலாம். பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இங்கேயும் ஒரு தூத்துக்குடிச் சிக்கல் உண்டு. பட்டறைப் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உவர். உப்பைக் கழுவ உப்புத்தண்ணீரையே ஊற்றினால் என்ன பயன்? குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் இரண்டு குடம் இதற்கென ஒதுக்க வேண்டும். கழுவியதும் துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்று மாலைக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். மொட்டை இரும்பை ஓரிரவு வெளியே விட்டால் காலையில் கடற்காற்று தன் கணக்கை எழுதி வைத்திருக்கும். இவ்வளவுக்கும் இரண்டு முழு நாட்கள் தேவை. அந்த இரண்டு நாட்களுக்குத்தான் கூலி கேட்டார் அண்ணாச்சி.

இதற்கு எதிர்த்தரப்பு ஒன்றும் உண்டு. அதை நாங்கள் மதிக்கிறோம். பழைய வண்டிகளைச் சேகரிப்போரில் ஒரு சாரார், எதையும் உரிக்காதீர்கள், துருவோடும் தழும்போடும் எண்ணெய் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பர். அருங்காட்சியகத்துக்கும், கடலிலிருந்து தொலைவான ஊருக்கும் அது பொருந்தலாம். உப்புக்காற்றில் தினமும் மிதிக்கப்படும் வண்டிக்கு அந்த அறிவுரை மெல்லிய மரண தண்டனையாகும். மறு எல்லையில், மொட்டை இரும்பு தெரியும்வரை உரித்துத் தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்குவோர் இருக்கிறார்கள். வண்டி வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் அவர்கள் குப்பையில் கொட்டுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவெடுக்கும் சிரமத்தை இருவருமே தவிர்த்துவிடுகிறார்கள்.

இலக்கியம் வாசிப்போருக்கு இந்தச் சிரமம் அன்னியமானதன்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது செய்த வேலையின் பெரும்பகுதி நம் கண்ணில் படாத வேலை. பல ஏடுகளை ஒப்பிட்டு, எது நூலாசிரியரின் சொல், எது ஏடெழுதியவரின் பிழை என்று பிரித்தார். சந்தேகமான இடத்தில் பாடபேதத்தைக் காட்டினார். அதன் மறுபுறமாக, கிடைத்த பழைய பதிப்பின் மேலேயே புதிய அட்டையைப் போட்டு, பழைய பிழைகளின் மேல் புதிய பிழைகளை ஏற்றி விற்கும் மறுபதிப்புகளையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அட்டை ஓவியருக்குப் பெயர் உண்டு. மெய்ப்புப் பார்த்தவருக்குப் பல நேரம் கூலியே இல்லை. தூத்துக்குடிப் பட்டறையும் நம் பதிப்புலகமும் ஒரே வழக்கத்தில் ஓடுகின்றன என்பதே எங்கள் மனக்குறை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளியவை. வண்டி கொடுக்கும்போது விலையை இரண்டாகக் கேளுங்கள்: சுரண்ட எவ்வளவு, பூச எவ்வளவு. முதல் தொகையில் பேரம் பேசாதீர்கள். கையுறைக்கும் முகமூடிக்கும் உரிய காசைச் சேர்த்துக் கொடுங்கள். பணம் போதவில்லையென்றால் மேற்பூச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சுரண்டிக் கழுவி ஒரே ஒரு பிரைமர் அடித்த வண்டி, உப்பின் மேல் மூன்று கோட்டு எனாமல் அடித்த வண்டியைவிட நெடுநாள் உழைக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பூசக் கற்றுத்தருவதோடு உரிக்கவும், உரித்த கழிவைப் பத்திரமாக அப்புறப்படுத்தவும் கற்றுத்தர வேண்டும். சுரண்டிய தூளைச் சாக்கடையில் தள்ளாமல் சேகரித்துக் கொடுக்க மாநகராட்சி ஓர் இடம் காட்ட வேண்டும். கப்பலுக்கு இருக்கும் அறிவில் நூற்றில் ஒரு பங்கு சைக்கிளுக்கும் வந்தால் போதும்.

சென்ற புரட்டாசியில் அதே ராலேயை அதே பட்டறைக்கு மீண்டும் கொண்டுபோனோம். இம்முறை நான்கு நாட்களில் இரண்டரை நாள் சுரண்டலுக்கே போயிற்று. முறை வைத்து நாங்களும் உடனிருந்து தண்ணீர் ஊற்றினோம். எங்கள் பூச்சு போயிற்று. அதற்கடியில் இருந்த அப்பாவின் கறுப்பும் சீட் மூட்டில் கொப்புளித்திருந்ததால் கொஞ்சம் எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கும் கீழே, சுட்டு இறுக்கிய கரும்பச்சை நிறமும் அதன்மேல் நூல்போன்ற பொன்கோடும் வெளிப்பட்டன. அப்பா அந்த வண்டியைப் புதிதாக வாங்கவில்லை, யாரோ ஓட்டியதை வாங்கிக் கறுப்படித்திருக்கிறார் என்று நண்பர் அன்றுதான் அறிந்தார். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய புது வண்டி என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். நண்பர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த இடத்தை மட்டும் மூடவேண்டாம், மேலே நிறமற்ற வார்னிஷ் போதும் என்றார்.

அண்ணாச்சி தந்த துண்டுச்சீட்டில் இரண்டு வரிகள் இருந்தன. மேல் வரியில் இருந்த தொகை கீழ் வரியில் இருந்ததைவிட அதிகம். மார்கழியும் தையும் கடந்துவிட்டன; மூட்டில் இதுவரை கொப்புளம் இல்லை.